ஒருவரும் பெயிலாகாத சோதினை

இதனால் உற்றார், உறவினர், நண்பர்கள், ரியூசனில் என் பின் வாங்கில் இருப்பவர்கள் அனைவருக்கும் ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருவது: எனது மூக்கைப் பிறப்பிடமாகவும் காற்சட்டைப் பின் பொக்கற்றைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட என் கண்ணாடியின் வலது காம்பு, கடந்த திங்கட்கிழமை சடுதியாக முறிந்து காலமாகிவிட்டது. துணையை இழந்த இடது காம்பு ஆட்டங்கண்டிருக்கிறது. வில்லைகள் இரண்டும் நலம். மலர்வளையம் வேண்டாம், சுற்றி ஒட்டக் கறுப்பு ஒட்டுநாடா போதும்.

யோகமலர் மிஸ் இதை வாசித்திருந்தால், "உன்ர வாய்க்குத்தான் முதல்ல ஒரு வில்லை போடவேணும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து அந்தக் குட்டித் திருப்புளியை எடுத்திருப்பார். வளைந்த காம்பு, கழன்ற ஆணி எதுவானாலும் பிளேன்ரீ ஆறுவதற்குள் சரிப்படுத்தித் தருவார். அவர் எங்கள் கண் கிளினிக்கின் பரிசோதகர். மறுநாள் செவ்வாய்க்கிழமை, பூவரசங்குளத்தில் கிளினிக் நாள். தங்கச்சி துளசியைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு, காம்பை மிஸ்ஸிடம் காட்டத்தான் போய்க்கொண்டிருந்தேன். சந்தியில் மின்கம்பத்தில் ஒரு பதாகை கட்டியிருந்தது. அதில் மிஸ்ஸின் படம். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு நோகுது என்றாராம். நெளுக்குளத்திலிருந்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அந்தப் பதாகையை எங்கள் இருவரில் முதலில் கண்டவன் நான்தான் என்பதையும், கண்ணாடி இல்லாமலே கண்டேன் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இந்த நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னவர்கள் கிளினிக்கில் வேலை செய்யும் அக்காமார். "அழுமூஞ்சிக் கதை எழுதாத. அவாவுக்கு அது பிடிக்காது" என்றார்கள். மிஸ்ஸின் சேவையைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அவருக்கும் எனக்கும் நடந்த யுத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் படுதோல்வி அடைந்தேன். தோற்றவன் எழுதும் வரலாறு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், கிளினிக் வான் முதல் தடவையாக எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தது. மறுபடி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஊர் முழுக்க வந்து விறாந்தையில் நின்றது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பயம், பெயிலாகிவிடுவோமோ என்று. எங்கள் ஊரில் பரீட்சைக்கும் சோதினை என்றுதான் பேர். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், பாஸா பெயிலா என்றுதான் கேட்பார்கள். உழவு மெசின் ஓடும் ராசு அண்ணைக்கு லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். கலியாணம் பேசி முடித்திருந்த ஒரு அக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டார் கண்ணாடியைக் கண்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம். கண்ணில் குறை இருப்பதால் வந்தவர்கள், குறை தெரிந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றார்கள்.

துளசியின் கதை வேறு. அப்போது அவள் ஒன்பதாம் ஆண்டு. வரலாறு, சமயம் எல்லாம் காதால் கேட்டே பாடமாக்குவாள். கணக்கில் மட்டும் எப்போதும் கவிழ்ந்துவிடுவாள். சமன் போட வேண்டிய இடத்தில் கழித்தல் போடுவாள், கழித்தல் வரும் இடத்தில் சமன். வீட்டில் அவளுக்கு நான் வைத்த பட்டம் 'கழித்தல்'. வகுப்பு ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "கண்ணை ஒருக்காப் பாருங்கோ. கண் நல்லமெண்டால் பிள்ளைக்குப் படிப்பில மனமில்லை" என்று சொல்லியிருந்தார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கண்ணில் கோளாறு இல்லையென்றால், தவணை முடிந்ததும் பெரியம்மாவிடம் தையல் பழக அனுப்புவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆக, அன்று பாஸானால் பள்ளிக்கூடம் போச்சு. பெயிலானால்தான் படிப்பு. இந்தக் கணக்கு அன்று எனக்கும் விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை.

"அண்ணா, கண்ணாடி போட்டால் பெடியள் சோடாப் போத்தல் எண்டு கூப்பிடுவாங்கள். ஏதாவது செய்" என்றாள்.

செய்தேன். மண்டபத்தின் பக்க யன்னலால் எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. மூன்று பல்லுள்ள முள்ளுக்கரண்டி போல கறுப்பு அடையாளங்கள், மேலே பெரியது, கீழே போகப் போகச் சிறியது. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் காட்டலாம். கடைசி வரி வரை பாடமாக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வகுப்பு வைத்தேன். மேல், வலம், கீழ், கீழ், இடம், மேல். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள், ஏதோ கோயிலுக்குக் கும்மி பழகுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ராசு அண்ணை இடுப்பையும் சேர்த்து ஆட்டினார்.

சின்னப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டதால் துளசி முதல் ஆளாகப் போனாள். ஆடினாள். ஒன்றிரண்டு இடம் தவறினாலும் கடைசி வரி வரை போய்விட்டதால் பார்வை நல்லம் என்று வந்துவிட்டது. அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அம்மாவின் முகம் ஏன் கறுத்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் வெற்றிக் களிப்பில் நின்றேன்.

அடுத்தடுத்துப் போனவர்களும் தேறினார்கள். பிறகு ராசு அண்ணை கதிரையில் இருந்ததும் மடமடவென்று கை வீசத் தொடங்கினார்.

"தம்பி, நான் இன்னும் குச்சி வைக்கேல்ல" என்று மிஸ்ஸின் குரல் கேட்டது. "ஆருக்குக் கை காட்டுறீர், பஸ்ஸுக்கா?"

யன்னலால் பார்த்தேன். மிஸ் அட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்துப் போன ஐயா தலைகீழ் அட்டைக்கும் அதே பழைய கும்மியை அடித்தார். மிஸ் வெளியே வந்தார். உயரமான ஆள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விறாந்தையை ஒருதரம் பார்த்தார்.

"ஆர் இவைக்கு வாத்தியார்?"

அத்தனை கைகளும் என் பக்கம் நீண்டன. அன்று அவர்கள் எல்லாரும் பிழையில்லாமல் திசை காட்டியது அந்த ஒரு தடவைதான்.

"நீயா?"

"இல்லை மிஸ்."

"நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறாய். மேல், கீழ் எல்லாம் சரி. இடம் வலம் வாற இடத்தில மட்டும் எல்லாரும் பிழை. அதுவும் எல்லாருக்கும் ஒரே பிழை. வா உள்ளுக்கு, வாத்தியாரின்ர கண்ணைப் பாப்பம்."

உள்ளே அரைச் சூரியன் போல கோடுகள் விரிந்த ஒரு படத்தைக் காட்டினார். எந்தக் கோடு நல்ல கறுப்பு என்று கேட்டார்.

"நிமிர்ந்து நிக்கிறது கறுப்பு மிஸ். படுத்துக் கிடக்கிறதெல்லாம் சாம்பல். உங்கட பிரிண்டரில மை முடிஞ்சுபோச்சு."

"எல்லாம் ஒரே மைதான். முடிஞ்சது உன்ர கண்ணில."

கனமான ஒரு இரும்புச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, அதற்குள் ஒரு வில்லையைப் போட்டுத் திருகினார். படுத்துக் கிடந்த கோடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கறுத்தன. "மிஸ், இப்ப மை ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். மண்டபம் அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறியாதவர்களுக்கு விளக்கினாலும் சத்தம் போதாது.

"இதுக்குப் பேர் அஸ்ரிக்மற்றிசம்" என்றார். பிளேன்ரீக் கரண்டியை எடுத்து அதன் முதுகில் என் முகத்தைக் காட்டினார். முகம் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரிந்தது. "கண்ணின்ர முன்பக்கம் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவா வளைஞ்சிருக்க வேணும். உனக்கு இந்தக் கரண்டி மாதிரி ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. அதுதான் ஒரு பக்கக் கோடு தெளிவு, மற்றப் பக்கக் கோடு மங்கல்."

"பெரிய வருத்தமா மிஸ்? ஆசுபத்திரிக்குப் போகவேணுமோ?"

"வருத்தமில்லை, வளைவு. வெளியில நிக்கிறவையைப் பார். இண்டைக்கு நீ கெடுத்ததெல்லாத்தையும் நான் திருப்பிப் பாக்கத்தானே வேணும். எத்தனை பேருக்கு வளைவெண்டு நீயும் நிண்டு எண்ணு."

நின்றேன். நான் கண்டபடி சொல்லிக்கொடுத்ததால் விறாந்தையில் எல்லாரும் என்னைக் கண்டபடி ஏசினார்கள். ராசு அண்ணைக்கு வளைவு. கலியாண அக்காவுக்கு வளைவு. கதிரை அடுக்க வந்தவருக்கும் வளைவு. கடைசியில் வான் சாரதி, "எனக்கும் ஒருக்காப் பாருங்கோ மிஸ்" என்று வந்து இருந்தார். அவருக்கும் கொஞ்சம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். வளைவு இல்லாத ஆளை எண்ணுவது சுலபமாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு அரசியல் உண்மை தெரிந்தது. எத்தனையோ இசங்களுக்காக ஆட்கள் கொடி பிடிக்கிறார்கள். கொடியும் இல்லாமல் கூட்டமும் வைக்காமல் எங்கள் கிளினிக் விறாந்தையில் பெரும்பான்மை பெற்ற ஒரே இசம் அஸ்ரிக்மற்றிசம்தான்.

இதை நான் சத்தமாகச் சொன்னபோது மிஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "கண்ணில கரைச்சல் உள்ள ஆக்கள்தான் கண் கிளினிக்குக்கு வருவினம். அதால இஞ்ச கூடத்தான் தெரியும். ஊர் முழுக்க இப்பிடியெண்டு போய்க் கத்தாத. கொஞ்சமெண்டால் கண்ணாடியும் தேவையில்லை, கண்ணே சமாளிக்கும். கூடவெண்டால்தான் போட வேணும்." ராசு அண்ணைக்குக் கண்ணாடி எழுதினார். லைசென்ஸ் போகாது, கண்ணாடி போட்டால் வரம்பும் தெரியும் என்றார். கலியாண அக்காவுக்குத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அந்த இரும்புச் சட்டத்தை ஒரு தடவை திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். முன்பு நடந்த ஏதோ வகுப்பில் எழுதிய கணக்கொன்று சுவர்ப்பலகையில் அழியாமல் கிடந்தது. சட்டத்தைத் தூக்கினேன், சமன் அடையாளத்தின் இரண்டு கோடும் ஒன்றாகிக் கழித்தல் போலக் கிடந்தது. இறக்கினேன், இரண்டு கோடு. தூக்கினேன், ஒன்று. சட்டத்தைக் கழற்றி மிஸ்ஸிடம் நீட்டினேன்.

"மிஸ், என்ர தங்கச்சியும் ஆடினவள்."

மிஸ்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க அவள்?"

"வீட்ட போயிட்டாள். கண் நல்லமெண்டதால பள்ளிக்கூடத்தால நிப்பாட்டப் போகினம்."

ஓடினேன். அம்மா வாசலில் நின்று பெரியம்மாவுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதை அம்மா நம்பவில்லை. "கண் நல்லமெண்டு அவையே சொல்லியாச்சு. நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத" என்றார். என்னுடைய பழைய பகிடிகளை அறிந்த எந்தத் தாயும் நம்பியிருக்கமாட்டார். துளசி குசினி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அப்போது படலையில் ஹோர்ன் சத்தம். கிளினிக் வான். மிஸ் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாங்கள் உங்கட மகளைச் சோதிக்கேல்ல. உங்கட மகனைத்தான் ரெண்டு தரம் சோதிச்சிருக்கிறம்."

அட்டையை ஆட்டுக்கொட்டில் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஆடு அதைத் தின்னப் பார்த்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தண்டனை. துளசி கதிரையில் இருந்தாள். இந்தத் தடவை மூன்றாம் வரிக்குக் கீழே ஒன்றும் சொல்ல முடியவில்லை. மிஸ் இரும்புச் சட்டத்தைப் போட்டு, வில்லைகளை மாற்றி மாற்றித் திருகினார். பிறகு அட்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கணக்கை எழுதித் தூரத்தில் போய்ப் பிடித்தார்.

"ஏழு கழித்தல் மூன்று கூட்டல் நாலு..." என்று துளசி தொடங்கினாள். அதோடு நின்றாள். "மிஸ், அதில ரெண்டு கோடு கிடக்கு."

"ஓம், ரெண்டு கோடுதான். அப்ப என்ன அது?"

"சமன்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, அது சமன்" என்றாள். சட்டத்தோடேயே அழத் தொடங்கிவிட்டாள். பிறகு அண்ணாந்து பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணா, இந்தக் கரண்ட் கம்பி ரெண்டேதானா? நான் நாலு எண்டெல்லோ நினைச்சன்" என்றாள்.

அம்மா வாசற்படியில் குந்திவிட்டார். கையில் போன் இன்னும் வெட்டாமல் இருந்தது. அதைக் காதில் வைத்து, "அக்கா, தையல் கதை இப்ப வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மிஸ் ஓடித் திரிந்து, கிளினிக் வான் மாதாமாதம் எங்கள் ஊருக்கு வர ஏற்பாடு செய்தார். எனக்கும் ஒரு பதவி தந்தார். "உன்ர வாய் வீணாப் போகக்கூடாது. விறாந்தையில நிண்டு வாற ஆக்களுக்கு ஒண்டு மட்டும் சொல்லு: இஞ்ச ஒருத்தரும் பெயில் இல்லை." பள்ளிக்கூடம் இல்லாத கிளினிக் நாளெல்லாம் நான் சொல்லிக்கொண்டே நிற்கிறேன். தலையைச் சரித்துப் பார்ப்பவர், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவர், ஆட்களைக் குரலை வைத்தே அடையாளம் பிடிப்பவர், எல்லாரையும் படலையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். இந்த விடயத்தில் என் கண்ணுக்குத் தப்பியவர் எவருமில்லை என்று பெருமையுடன் கூறலாம்.

மிஸ் முல்லைத்தீவுப் பக்கமும் போவார். ஒருநாள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கும்போது கொக்கிளாயில் நடந்த கதையைச் சொன்னார். ஒரே வள்ளத்தில் போகும் மூன்று பேர் கண் காட்ட வந்திருக்கிறார்கள். இருட்டில் தூரத்து வள்ளங்களின் விளக்குகள் எப்படித் தெரியும் என்று கேட்டாராம். "வால் உள்ளது மாதிரித்தான்" என்றார் ஒருவர், இதென்ன கேள்வி என்பது போல. "எந்தப் பக்கம் வால்?" என்றாராம் மிஸ். அங்கேதான் சண்டை தொடங்கியது. "மேலதானே!" "உனக்கென்ன விசரே, பக்கவாட்டிலயெல்லோ!" "நீங்கள் ரெண்டு பேரும் பொய். சரிஞ்சுதான் வால்!" இத்தனை காலம் ஒரே வள்ளத்தில் ஒரே விளக்கைப் பார்த்துக்கொண்டு போனவர்கள். மூன்று பேருக்கும் வளைவு, ஆளுக்கொரு பக்கம். விளக்கென்றால் வால் இருக்கும் என்று மூவரும் நம்பியிருந்தார்கள்.

கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியுதெண்டு நினைச்சுக்கொண்டே ஆக்கள் இருந்திடுகினம். உன்ர தங்கச்சியும் அப்பிடித்தான் இருந்திருப்பாள்" என்றார்.

அவர் என்னை ஏசியது ஒரே ஒரு விடயத்துக்குத்தான். ஒருநாள் விறாந்தையில் கண்ணாடி இல்லாமல் நின்றேன். "எங்க?" என்றார். பொக்கற்றைத் தட்டிக் காட்டினேன். "பொக்கற்றுக்கு அஸ்ரிக்மற்றிசம் இல்லை. முகத்தில போடு" என்றார். அன்றிலிருந்து நித்திரையில் தவிர நான் அதைக் கழற்றியதே இல்லை. மிஸ் எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: முகத்தில் கண்ணாடி, விறாந்தையில் ஒரு வேலை, பெயில் என்ற சொல்லைக் கேட்டால் சிரிப்பு வரும் பழக்கம். அடுத்த கிளினிக்குக்கு மிஸ்ஸின் இடத்தில் புதிதாக ஒரு ஐயா வருகிறாராம். அவர் வரும்போதும் நான் விறாந்தையில் நிற்பேன்.

இந்த இடத்தில் முடித்து, துளசியிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். அவள் இப்போது பதினோராம் ஆண்டு. என் கணக்கையும் அவள்தான் திருத்துகிறாள். வாசித்துவிட்டு இரண்டாம் பந்தியில் விரலை வைத்தாள்.

"முதல்ல கண்டது ஆர்?"

"நான்தானே."

"கண்டுபோட்டு என்ன சொன்னனீ?"

சரி. மிஸ்ஸின் மலரில் பொய் நிற்கக்கூடாது. காம்பு சடுதியாக முறியவில்லை. ரியூசன் விட்டுப் பெட்டையள் வரும் நேரம் கண்ணாடியைக் கழற்றிப் பின் பொக்கற்றில் வைத்தேன். வைத்ததை மறந்து அதன் மேலேயே குந்தினேன். அப்படிக் கழற்றி வைத்தது அன்றைக்கு மட்டும் அல்ல. செவ்வாய்க்கிழமையும், ஒற்றைக் காம்போடு போனால் பகிடி பண்ணுவார்கள் என்று அது பொக்கற்றில்தான் இருந்தது. சந்தியில் பதாகையை முதலில் கண்டது நான்தான். கண்டு, "துளசி, புதுசா ஒரு ரியூசன் சென்ரர் வந்திருக்கு. படத்தில இருக்கிற ரீச்சரைப் பாத்தால் நல்லா அடி விழும் போல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டே போனேன்.

பின்னால் சிரிப்பு வரவில்லை. "அண்ணா, நிப்பாட்டு" என்ற சத்தம் மட்டும் வந்தது.

துளசி இறங்கி, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே வாசித்தாள். எனக்குக் கேட்கும்படி, சத்தமாக. மேலே பெரிய எழுத்தில் மிஸ்ஸின் பெயர். அதற்குக் கீழே ஊர். அதற்குக் கீழே இறுதிக் கிரியை நடக்கும் நேரம். கீழே போகப் போக எழுத்துச் சிறுத்துக்கொண்டே போனது. அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில், ஓரத்தில் எறும்பு போலக் கிடந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தாள். மேலிருந்து கடைசி வரி வரை ஒரு பிழையும் இல்லை. இந்தத் தடவை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.